அடுத்த திங்கட்கிழமை வரை



கொரோனா ஊரடங்கு தளர்ந்து டீக்கடை திறந்துவிட்டது. 2021 ஜூன் 14 முதல் 27 மாவட்டங்களில் காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை கடை நடத்தலாம். பார்சல் மட்டும்தான், கடையருகே நின்று குடிக்கக் கூடாது, வாங்க வருகிறவர்கள் பாத்திரத்தோடு வரவேண்டும் என்பது அரசு உத்தரவு. அந்தப் பட்டியலில் இல்லாத கோவை, திருப்பூர், நீலகிரி, ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வாசகர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும். உங்கள் பக்கமும் தொற்று இறங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள்.

எங்கள் அலுவலகத் தெருமுனைக் கடையில் முதல் நாள் காலை நின்ற வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். பரணில் கிடந்த தூக்குவாளிகள், கல்யாணத்தில் பெயர் பொறித்துக் கொடுத்த எவர்சில்வர் சம்படங்கள், மூடி மட்டும் வேறு நிறத்தில் ஒரு பழைய பிளாஸ்க், எல்லாம் வெளியே வந்திருந்தன. எனக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர் தூக்கை நீட்டி, "மாஸ்டர், நாலு டீ. ஒண்ணுல சக்கரை கம்மி" என்றார். மாஸ்டர் பாய்லரை விட்டுத் திரும்பாமலே, "ஒரே தூக்குல எப்படிண்ணே ஒண்ணுக்கு மட்டும் கம்மி பண்றது?" என்று கேட்டார். ஆட்டோக்காரர் யோசித்தார். "அப்ப நாலுக்கும் கம்மியாவே போடுங்க. அம்மாவுக்குச் சுகரு. நாங்க குடிச்சுக்குவோம்." வரிசையில் யாரோ சிரித்தார்கள். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கியதை வைத்துத்தான் சிரிப்பென்று தெரிந்தது. பல வாரங்களாக அந்தத் தெருவில் அப்படி ஒரு சிரிப்பே இல்லை.

மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இதை எழுதும்போது அது பத்தாயிரத்துக்கும் கீழே வந்திருக்கிறது. படுக்கை கிடைக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைவதும், ரெம்டெசிவிர் வாங்கக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் வெயிலில் காத்துக் கிடந்ததும் போன மாதத்துக் கதையாகிவிட்டன. ஆனால் எங்களுக்கு வரும் கடிதங்களில் அந்த இறக்கம் தெரியவில்லை. கடிதம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். தபால் குறைந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குரலாக வருகிறது, நள்ளிரவு ஒன்றரை மணிக்கும் இரண்டே காலுக்கும் வருகிறது. சிறுகதை எப்படி, தொடர் எப்படி என்று யாரும் சொல்வதில்லை. "தூக்கமே இல்லைங்க." "காலையில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது." "ஸ்டேட்டஸ் பார்க்கவே பயமாக இருக்கிறது, யார் போட்டோ வருமோ என்று." "ஒன்றுமில்லாமலே நெஞ்சு படபட என்று அடித்துக்கொள்கிறது, நான் கோழையாகிவிட்டேனோ?"

கடைசியாகக் கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. தெருவில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டே இருந்த ஒரு மாதத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். ஆபத்து என்று மனம் உணர்ந்தவுடன் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஓடுகிறது. ஓடவோ எதிர்க்கவோ தயாராகிற உடம்பு அது. நாமோ ஊரடங்கில் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம். ஓட இடமுமில்லை, எதிர்க்க ஆளுமில்லை.

இந்த நோயின் கொடுமை, பயத்தின் அறிகுறியும் இதன் அறிகுறியும் ஒன்றுபோலத் தோன்றுவது. பயத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போகும், தலை சுற்றும், நெஞ்சை அடைக்கும். "மூச்சுத் திணறல்!" என்று மனம் அலறும். உடனே ஆக்சிமீட்டரைத் தேடுவோம். அது 98 காட்டும். நம்பிக்கை வராது, அடுத்த விரலில் மாட்டுவோம். நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோ அந்தக் கருவி குறைத்துக் காட்டக்கூடும். அவ்வளவுதான், வீடு முழுக்க எழுந்துவிடும். ஒரு வீட்டில் ஆக்சிமீட்டரை மாமனார் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு பேரன் பேத்தி, சமையல்கார அம்மா, பால்காரர் வரைக்கும் விரலை வாங்கிப் பார்த்திருக்கிறார். கடைசியில் மருமகள் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, "தொலைந்துவிட்டது மாமா" என்றிருக்கிறார். தொற்று உள்ளவர் வீட்டில் அந்தக் கருவி வேண்டும், மருத்துவர் சொன்ன வேளைகளில் பார்க்கவும் வேண்டும், 94க்குக் கீழே இறங்கினால் தாமதிக்கவே கூடாது. ஆனால் நோயில்லாத வீட்டில் மணிக்கு மூன்று முறை பார்ப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான். அந்த மருமகள் செய்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

படபடப்பு எழும் நேரத்துக்கு மருத்துவர்கள் சொல்வது எளிய வழி. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். விறகடுப்பு இருந்த வீடுகளில் பாட்டிமார் ஊதாங்குழலை வைத்து ஊதியதைப் போல, மெதுவாக, நீளமாக. நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஐந்து நிமிடம் போதும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

ஆனால் இந்தப் பக்கத்தில் நான் பேச வந்தது மூச்சுப் பயிற்சியைப் பற்றி அல்ல. அதைச் சொல்ல இணைப்பிதழில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது.

தேதிகளைப் பாருங்கள். மே 10 திங்கட்கிழமை முழு ஊரடங்கு தொடங்கியபோது 24ஆம் தேதி காலை வரை என்றார்கள். 24 வந்தது, தளர்வில்லா ஊரடங்கு 31 வரை என்றார்கள். பிறகு ஜூன் 7. பிறகு 14. இப்போது 21. எல்லாம் திங்கட்கிழமைகள். அரசு செய்தது சரிதான், வேறு வழி இருந்திருக்காது. நான் சொல்வது நம் மனம் பட்ட பாட்டை. ஒவ்வொரு முறையும் "திங்கட்கிழமை வரைதானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றோம், கோடு ஒரு வாரம் தள்ளிப் போனது. பசியைத் தாங்குகிறவர்களும், வலியைத் தாங்குகிறவர்களும் இந்த முடிவு தெரியாத காத்திருப்பில் உடைந்துபோனதைப் பார்க்கிறேன்.

நம் வீடுகளுக்குத் தனிமை புதிதில்லை. அம்மை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியாயிற்றா, அதற்குமேல் யாரும் உள்ளே வரமாட்டார்கள். படுக்கையில் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. இளநீர், நீர்மோர், குழைந்த சோறு. நமைச்சலுக்கு நகம் படக் கூடாது, வேப்பங்கொழுந்தால் தடவிவிடுவார்கள். எனக்குச் சின்னம்மை வந்தபோது தாளித்த வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்ததற்கே அழுதேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். ஆனால் அந்தச் சிறைக்கு ஒரு முடிவு இருந்தது. கொப்புளம் வாடியதும் முற்றத்தில் அண்டாவில் தண்ணீர், அதில் மஞ்சளும் வேப்பிலையும், வெயிலில் வைத்து எடுத்துத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணீர், ஒரு நாள் விட்டு இரண்டாம் தண்ணீர், பிறகு மூன்றாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டால் முடிந்தது. குழந்தை தெருவுக்கு ஓடலாம். ஊரும் ஏற்றுக்கொள்ளும்.

பழங்காலத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரியம்மை வேப்பிலைக்குக் கட்டுப்பட்டதில்லை. அது கொன்றது, கண்ணைப் பறித்தது, பிழைத்தவர் முகத்தில் தழும்பை வைத்துவிட்டுப் போனது. அதை ஒழித்தது தடுப்பூசி. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த தாத்தாக்களின் தேசத்தில், 1975க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். நம்மில் பலர் தோளில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போதும் அதே கதைதான். ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பில் சரிந்தபோது, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் ஊர் ஊராக மக்கள் பின்வாங்கினார்கள். ஒன்றரை மாதத்தில் நிலைமை தலைகீழ். இன்று முகாமுக்குப் போனால் "கையிருப்பு இல்லை" என்ற பலகையைப் பார்த்துத் திரும்புகிறோம்.

அந்த மூன்றாம் தண்ணீர்தான் இந்த நோயில் இல்லை. எப்போது முடிந்தது என்று சொல்ல யாருமில்லை. இரண்டாம் அலை என்கிறார்கள், மூன்றாவது வரும் என்கிறார்கள். பெரிய முடிவு நம் கையில் இல்லாதபோது, முடியக்கூடிய சின்ன வேலை ஒன்றைக் கையில் எடுத்தவர்கள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறார்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. உங்கள் குரல்களைக் கேட்டுச் சொல்கிறேன்.

அம்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி. கணவர் கோவிட் வார்டில். உள்ளே போக முடியாது. மருத்துவமனையிலிருந்து போன் வரும் என்று மடியில் போனை வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்திருக்கிறார். மூன்றாம் நாள் மாடி வீட்டு அம்மா ஒரு படி அரிசி மாவைக் கொண்டுவந்து கேட்டுக்குள் வைத்துவிட்டு, "அக்னி நட்சத்திர வெயில் வீணாப் போகுது, எனக்குக் கை வலி, கூழைக் கிளறிக் குடு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "இப்ப இதுவா முக்கியம் என்று கோபம்தான் வந்தது" என்கிறார் வாசகி. ஆனாலும் கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டியாயிற்று. வடகக் கூழ் கிளறியவர்களுக்குத் தெரியும், கரண்டியிலிருந்து கையை எடுக்க முடியாது. எடுத்தால் அடிப்பிடிக்கும், கட்டி தட்டும். பச்சைமிளகாய் அரைத்த விழுது, பெருங்காயம், உப்பு. கூழ் கண்ணாடியாகப் பளபளத்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் வரும் பதம் வரைக்கும் நின்றுதான் ஆக வேண்டும். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு. "அந்த நேரம் முழுக்க நான் போனைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே மாவு இறக்கிய பிறகுதான் தெரிந்தது." மறுநாள் விடியற்காலையில் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, அச்சில் போட்டுப் பிழிந்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து வைத்து. பாதி காய்ந்ததை மகள் திருடித் தின்றிருக்கிறாள். அப்போதுதான் ருசி.

கணவர் திரும்பி வந்துவிட்டார். அந்த வடகத்தைத்தான் இப்போது பொரித்துத் தின்றுகொண்டிருக்கிறாராம். மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

இன்னொருவர் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர். கோவிட் பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல் விடுதி அறையில் தங்குகிறார். மகளுக்கு எட்டு வயது, பாட்டியிடம் இருக்கிறாள். முழுக் கவச உடையில் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதால் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வார்களாம். அதே மார்க்கரால் ஒவ்வோர் இரவும் ஒரு தாளில் புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டு, படமெடுத்து மகளுக்கு அனுப்புகிறார். ஏழு புள்ளி ஏழு வரிசை, இடைப்புள்ளி நாலு வரை. மகள் காலையில் அதைப் பார்த்து வாசலில் போட்டு, படமெடுத்துத் திருப்பி அனுப்புகிறாள். முதலில் சிக்கு எங்கோ தப்பிவிடுமாம், கோடு மூடாமல் நிற்குமாம். "போன்லயே சொல்லிக் குடுப்பேன் மேடம். அந்தப் புள்ளியச் சுத்தி வா, இப்பக் கீழ எறங்கு. அவ பாட்டி நடுவுல வந்து, எங்க காலத்துல இப்படி இல்லம்பாங்க. மூணு பேரும் சண்டை போடுவோம். அப்புறம் டூட்டிக்குப் போவேன்." வார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு ஊரடங்கு இப்படி இல்லை என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். டல்கோனா காப்பியைக் கை வலிக்க அடித்தோம். ஏப்ரல் 5 அன்று இரவு 9 மணிக்கு விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம். தூர்தர்ஷனில் ராமாயணம் பார்த்தோம். பல்லாங்குழி, தாயக்கட்டை எல்லாம் வெளியே வந்தன. விளையாட்டுத்தனம் இருந்தது, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளுக்குச் சாவு அப்போது தொலைக்காட்சியில் இருந்தது. இந்த மே மாதம் அது தெருவுக்கு வந்துவிட்டது. அதனால்தான் இந்த முறை சுகங்கள் எல்லாம் சின்னதாக, சத்தமில்லாமல் இருக்கின்றன. யாரும் படம் பிடித்துப் போட்டிபோடுவதில்லை. கிழிந்த தலையணை உறையைத் தைக்கிறார்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருக்கிறார் ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர். சேர்த்தாரா என்று தகவல் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கோலம், வடகம் என்று பேச, கூரையும் அரிசியும் இருக்க வேண்டும். ஒரு நாள் வேலை இல்லையென்றால் அடுத்த நாள் உலை இல்லை என்ற வீடுகளில் பயத்துக்கு வேறு பெயர். மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்ற உத்தரவு வந்தது. மே 10 அன்று பேருந்தே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர், "ரெண்டு நாள் ஓசியில போனேன்மா, அதுக்கப்புறம் போக வீடே இல்ல" என்றார். வேலைக்கு வர வேண்டாம் என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார்கள், சம்பளம் கொடுத்தது பாதி வீடுகள்தான். உங்கள் வீடு எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த மாதமும் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். ரேஷன் கடைகளில் நிவாரணத் தொகையின் இரண்டாம் தவணை 2,000 ரூபாயும் 14 பொருள்கள் கொண்ட பையும் இந்த ஜூனில் கிடைக்கின்றன. கோதுமை மாவு, ரவை, புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், சோப்பு என்று போகிற பட்டியலில் டீத்தூளும் இருக்கிறது. அதைச் சேர்த்த அதிகாரி யாரோ, அவருக்கு என் வணக்கம். பசிக்கு டீத்தூள் தேவையில்லை. சாயங்காலத்துக்குத் தேவை.

செல்போனைப் பற்றியும் கொஞ்சம். நாங்களும் பத்திரிகைக்காரர்கள்தான், செய்தியைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல எங்களுக்கே வாய் வராது. ஆனால் சுகாதாரத் துறையின் அறிக்கை நாளுக்கு ஒருமுறை, மாலையில்தான் வருகிறது. அதற்கு முன் நாள் முழுக்கத் தொலைக்காட்சியின் அடியில் ஓடுவதெல்லாம் நேற்றைய எண்தான். நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். குடும்பக் குழுவில் பெரியப்பா அனுப்பும் "அவசரம், உடனே பகிரவும்" என்பதை உடனே பகிர வேண்டியதில்லை. பெரியப்பா கோபித்துக்கொள்வார். அவருக்கும் பயம்தான், அவருக்குத் தெரிந்த விதத்தில் நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறார். பதிலுக்கு ஒரு போன் போட்டு "சாப்பிட்டீங்களா பெரியப்பா?" என்று கேளுங்கள். அந்த வாரம் செய்திகள் குறைவதைப் பார்ப்பீர்கள்.

இழந்தவர்களுக்கு நான் எதைச் சொல்ல? அவர்கள் வீட்டில் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது, எடுபடவும் கூடாது. மே 17 அன்று எழுத்தாளர் கி.ரா. புதுச்சேரியில் மறைந்தார். மறுநாள் அவர் ஊரான இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. தமிழ் வாசகர்கள் பாதிப்பேர் திரண்டிருக்க வேண்டிய சாவு அது. ஊரடங்கில் வீட்டிலிருந்தே திரையில் பார்த்தோம். நிறைவாழ்வு வாழ்ந்த ஒருவருக்கே மனம் இப்படி அடித்துக்கொண்டதென்றால், நாற்பது வயதுக்காரரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தூரத்திலிருந்து காட்டிய குடும்பங்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். முகம் பார்க்கவில்லை, நீர்மாலை எடுக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை வீடியோ அழைப்பில் நடத்தினார்கள்.

அந்த வீடுகளுக்குப் போன் செய்யும்போது தயவுசெய்து "ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது?", "எந்த ஆஸ்பத்திரி?", "முன்னாடியே சேர்த்திருக்கலாமே" என்று விசாரிக்காதீர்கள். அவர்கள் அந்தக் கணக்கைத் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, உறவும் தெருவும் சோறு கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோமே, அது இந்த மே மாதத்திலும் நிற்கவில்லை. எங்கள் தெருவில் தொற்றோடு துக்கமும் வந்த ஒரு வீட்டின் கேட்டில் மூன்று வேளையும் டிபன் கேரியர் தொங்கியது. யார் வைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. காலியான அடுக்குகளைக் கழுவி, வெந்நீர் ஊற்றிக் கவிழ்த்து வெளித் திண்ணையில் வைத்துவிடுவார்கள், உரியவர் எடுத்துக்கொள்வார். ஒருநாள் ஓர் அடுக்கு மாறிப் போய், அடுத்த நாள் அது தானாகச் சரியானது. வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் வந்த அன்றுதான் தாங்கள் முதன்முதலாகப் பசித்துச் சாப்பிட்டதாக அந்த வீட்டுப் பெண் பிறகு சொன்னார்.

சின்ன வேலைகளுக்குக் கட்டுப்படாத பயமும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து குளிக்கக்கூட மனம் வரவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் கோலத்தையும் வடகத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "மனசுக்கு எதுக்கு டாக்டர்" என்கிற பேச்சைக் கேட்டு ஒத்திப்போடாதீர்கள். சென்னையில் மனநலத்துக்கு மருத்துவமனை நேற்று வந்ததில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய மனநல நிறுவனமான ஸ்கார்ஃப் 1984 முதல் இயங்குகிறது. தற்கொலை எண்ணம் வருகிறவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதற்கென்றே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சினேகா அமைப்பைத் தொடங்கினார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. எங்கும் போக முடியாத நிலையென்றால் 104 உதவி எண்ணை அழையுங்கள். எடுத்தவுடன் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "தூங்க முடியவில்லை" என்று தொடங்குங்கள். அது போதும்.

இனி இதழ் விஷயம். பேருந்து ஓடாததால் போன இதழின் கட்டுகள் பல ஊர்களுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தன. சில ஊர்களுக்குச் சேரவே இல்லை என்று முகவர்கள் சொல்கிறார்கள். சந்தாதாரர்களில் கிடைக்காதவர்கள் தகவல் சொன்னால் மறுபடி அனுப்பி வைக்கிறோம். பக்கங்கள் குறைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விளம்பரம் இல்லை, அதுதான் காரணம், வேறு சமாதானம் எதுவும் இல்லை. தொடர்கதை மட்டும் முழு அளவில் வருகிறது. அதில் கை வைத்தால் நீங்கள் விடமாட்டீர்கள். ஓவியர் வீட்டில் எல்லோருக்கும் தொற்று வந்து தேறியிருக்கிறார்கள். அதனால் இந்த அத்தியாயத்துக்கு அவர் மகள் வரைந்திருக்கிறாள். கதாநாயகியின் மூக்குத்தி இடமிருந்து வலம் மாறியிருப்பது அதனால்தான், யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

வேறு கடிதம் எழுதுங்கள். இந்த நாட்களில் எந்த வேலை உங்கள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று எழுதுங்கள். அரைப்பக்கம் போதும். தபால் ஓடுகிறது, கையால் எழுதினால் மகிழ்ச்சி, குரலாக வந்தாலும் நாங்களே எழுதிக்கொள்கிறோம். அடுத்த இதழில் முடிந்தவரை வெளியிடுகிறோம். கஷாயக் குறிப்பு மட்டும் அனுப்பாதீர்கள். இஞ்சி, மிளகு, துளசி, ஆடாதோடை, அதிமதுரம், சித்தரத்தை என்று ஏற்கெனவே வந்தவற்றையே எங்கள் உதவி ஆசிரியர் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இப்போது தொண்டைக்கட்டு வேறு. எந்தக் கஷாயத்தைக் குடிப்பது என்று முடிவு செய்ய முடியாமல் வெந்நீர் குடிக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்